ஒருவர்தான் நிற்கலாம்

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஒரு பயிற்சியாளர்தான் நிற்கலாம். இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் சேவியர் நின்றே பழகியவர். அதனால் துணைப் பயிற்சியாளர் முத்தழகு, ஒருகாலத்தில் தானே கேப்டனாக ஓடிய அந்தக் கல்லூரி மைதானத்தில், பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் ஓயாமல் ஆடும். ஆடி ஆடி நாற்காலியின் திருகாணி கழன்றுவிடும்.

சேவியர் ஓய்வுபெற்றார். பொறுப்பு முத்தழகு கைக்கு வந்தது. முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

“சார், எந்திரிச்சு ஏதாவது சொல்லுங்க சார்!” என்று களத்திலிருந்து கேப்டன் கத்தினான்.

முத்தழகு துள்ளி எழுந்தார். கை உயர்ந்தது, வாய் திறந்தது. எதிரே கூட்டத்தில், வேடிக்கை பார்க்க வந்திருந்த சேவியர் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றார்.

முத்தழகு உட்கார்ந்துவிட்டார்.