வாழையிலையில் ஒரு சிரிப்பு

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் திரேசாவால் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. வாயைத்தான் யாராலும் கட்ட முடியவில்லை.

"அடியே விலாசினி, கொஞ்சம் நல்லா அழுடி. போன ஷாட்ல உன் கண்ணுல ஒரு சொட்டு வரல. நான் செத்தது உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

வாழையிலைமேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த திரேசா, கதைப்படி ஒற்றப்பாலத்துப் பெரிய வீட்டின் அம்மா. விலாசினியாகிய நான் அவளுடைய தங்கை. லைட்டுகளை இடம் மாற்றும் நேரத்தில் இரண்டு பேரும் பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

"எங்க சர்ச் ஃபாதர் என்னை இந்தக் கோலத்துல பாத்தா, கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே விடமாட்டாரு" என்றாள், தலைமாட்டில் எரிந்த தேங்காய் மூடி விளக்கைக் கண்ணால் காட்டி.

நாடகக் கம்பெனி வேனில் ஒரே போர்வைக்குள் தூங்கிய காலத்திலிருந்து எனக்கு அவளைத் தெரியும். சினிமாவுக்கும் ஒன்றாகத்தான் வந்தோம். முதல் படத்தில் கல்யாணக் கூட்டத்தில் நின்றோம். இரண்டாவது படத்திலேயே அவளை அம்மாவாக்கிவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மகனாக நடித்த நாயகன் நாற்பதைத் தாண்டியிருந்தார். அவள் தலைக்கு வெள்ளைப் பவுடர், அவர் தலைக்குக் கறுப்பு மை.

அவர் "அம்மே" என்று கதறி மடியில் விழுந்தபோது, மை முழுக்க அவள் வெள்ளை முண்டில் அப்பிக்கொண்டது. திரேசா அசையவில்லை. அவள் எப்போதும் ஒரே டேக். பின்னால் வேலைக்காரியாக நின்ற நான்தான் சிரித்துத் தொலைத்தேன். இயக்குநர் என்னை வெளியே போகச் சொன்னார்.

"அவ போனா இந்த அம்மாவும் போவா" என்றாள் திரேசா. மகன் நரைத்த தலையோடு காத்திருந்தார். என்னைத் திரும்ப நிற்க வைத்துத்தான் 'ஒன் மோர்' எடுத்தார்கள்.

"மகளைப் பாக்க மஸ்கட் போறியே, எத்தனை நாளு?" என்று இப்போது கேட்டாள்.

"ஒரு மாசம்."

பிணம் என்னை உற்றுப் பார்த்தது. "சேச்சி, கண்ணை மூடுங்க" என்று உதவி இயக்குநர் பெண் கத்தினாள். காலையிலிருந்தே அவளுக்குக் கத்தல்தான். முந்தைய காட்சியில் இல்லாத பிளாஸ்திரி இதில் எங்கிருந்து வந்தது என்று, என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்ததை எல்லார் முன்னாலும் உரித்துப் போட்டவளும் அவள்தான்.

ஷாட் முடிந்தது. இயக்குநர் அமல்தேவ் கேமராவை ஆற்றங்கரைக்குத் தூக்கச் சொன்னான்.

எங்கள் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு: பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை எடுத்த பிறகுதான் கேமரா நகரும். படத்தில் சேர்க்க அல்ல, ஆயுளுக்காக. இத்தனை வருஷமும் அதற்காகச் சண்டை போட்டவள் நான். ஒரு படத்தில் பிணமாக நடித்த வாசுப்பிள்ளை சேட்டன் சிரிக்காமல் எழுந்து சாப்பிடப் போனதும், அடுத்த ஓணத்துக்கு அவர் இல்லாமல் போனதும் எனக்கு மறக்கவில்லை. திரேசாவோ, "என் ஆயுசு மாதா கையில இருக்கு" என்று மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்று அவள் எழுந்திருக்கவில்லை.

"மோனே, சிரிக்கற ஷாட் எடுக்காம நான் இங்கேருந்து அசைய மாட்டேன்."

"வெளிச்சம் போகுது சேச்சி. அதெல்லாம் இப்ப யாரு பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

எதற்கும் பயப்படாதவளுக்கு இன்று என்ன பயம்? உடம்பில் ஏதாவது வைத்துக்கொண்டு என்னிடம் மறைக்கிறாளா? மறைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். இவள் இல்லாத ஒரு செட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேமராவைத் தூக்க வந்த பையன்களுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"எடுத்துக் குடுடா. ஒரு நிமிஷம்தானே!"

அமல்தேவ் தலையில் கை வைத்துக்கொண்டு "ரோல்" என்றான். திரேசா கண்ணைத் திறந்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். வழக்கம்போல ஒரே டேக். லைட்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. குனிந்து அவள் கால் கட்டை அவிழ்த்தேன்.

"கேமராவ நிறுத்தாதே" என்றாள் எழுந்து உட்கார்ந்து. "இவளுக்கும் ஒண்ணு எடு."

"சேச்சி, கதையில தங்கச்சி சாகவே இல்லையே!"

"சாகக் கூடாதுன்னுதான்டா எடுக்கச் சொல்றேன்."

என் கையைப் பிடித்து இழுத்து இலைமேல் படுக்க வைத்தாள். அவள் உடம்புச் சூடு இலையில் இன்னும் இருந்தது. மேக்கப்காரர் கால் விரல் கட்ட நூலோடு வந்தார். திரேசா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு என் காதோரம் குனிந்தாள்.

"மஸ்கட் போறவளுக்கு எதுக்குடி கையில ரத்தம் எடுத்த பிளாஸ்திரி? காலைலயே உன் மகளுக்குப் போன் பண்ணிட்டேன். வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கப் போறாங்களாமே. தனியா போயிடலாம்னு பாத்தியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப சிரி."

சிரிக்க முடியவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"என் வெள்ளை முண்டை நெனச்சுக்கோ" என்றாள். "அதுல அந்த மகனோட மண்டை."

சிரித்துவிட்டேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிய, வாய்விட்டுச் சிரித்தேன்.

"ஓகே!" என்றான் அமல்தேவ்.

"என்னடா ஓகே?" என்றாள் திரேசா, என் கையை விடாமல். "ஒன் மோர்."