குண்டூசி

மூன்றாம் வகுப்பின் சுவரில் உலக வரைபடம் தொங்குகிறது. குண்டூசி குண்டூசியாகச் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்பு நூல் நீலக் கடலைக் கடக்கிறது. முதுகில் ஒட்டிய கருவியோடு நீந்தும் கடலாமையின் பாதை அது; பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சோம்பேறி. தினமும் காலையில் கணினியில் அது இருக்கும் இடத்தைப் பார்த்து நான் ஊசி குத்த வேண்டும். ஒன்பது நாளாகத் திரையில் எதுவும் இல்லை. சிக்னல் நின்ற அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்; மனசு வரவில்லை. கடைசி ஊசிகள் எல்லாம் என் கைவரிசை. இன்றைக்கும் ஒன்றைக் குத்திவிட்டுத் திரும்புகிறேன். ஜன்னல் வெயிலில் அதன் தலை மினுங்குகிறது. முன்பெஞ்சுக்காரி துள்ளி எழுகிறாள்.

"டீச்சர், சோம்பேறி கரையேறிட்டா!"

அவசரத்தில் நீலத்தைத் தாண்டி நிலத்தில் குத்தியிருக்கிறேன். வகுப்பே பெஞ்சைத் தட்டுகிறது.

"முட்டை போடத்தானே டீச்சர்?"

"ஆமா" என்கிறது என் வாய், என்னைக் கேட்காமலே.

அவள் எம்பி நின்று ஊசியைச் சுற்றிப் பென்சிலால் குட்டிக் குட்டி வட்டங்கள் போடுகிறாள். மற்றவர்கள் ஒரே குரலில் நூறு வரை எண்ணுகிறார்கள். நான் நூல்கண்டைப் பிரிக்கிறேன், சுற்றுகிறேன், மறுபடி பிரிக்கிறேன். வரைந்து முடித்தவள் என் மேஜைக்கு வந்து குண்டூசி டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். உதட்டைப் பிதுக்குகிறாள்.

"பத்தாது டீச்சர். குட்டிங்க கடலுக்குப் போனதும் தினமும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊசி குத்தணுமே."