ஒரு சாண் பள்ளம்

நேற்றுத் தோண்டிய குழியை, அதிலிருந்து எடுத்த மண்ணாலேயே மூடிப் பார்த்தார், மனை வாங்க வந்த மாயவன். மண் தீர்ந்தும் ஒரு சாண் பள்ளம் நின்றது.

"மண்ணு பத்தலீங்க. எளகுன நெலம், செவுரு தாங்காது. வேற எடம் பாத்துக்கறேன்."

மாயவன் போனதும், பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் வந்தார் நிலத்துக்காரர் கரியன்.

"கடப்பாரை எகிறுற பூமி. மண்ணு எப்படிப் பத்தாமப் போச்சு?"

தீர்த்தம்மாள் நிமிரவில்லை. கொடியடியில் இரண்டு கூடை புதுச் செம்மண் கிடந்தது.

"வித்துட்டா, பர்மாச் சண்டைக்குப் போன நம்ம மாது வந்து எங்கீங்க வூடு கட்டுவான்?"

மகன் மாதுவிடமிருந்து கடிதம் வந்து இரண்டு வருடமாகிறது. கரியன் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடையில அள்ளு. குழிய மூடிரலாம். வர்றவன் தடுக்கி வுழுந்துரப் போறான்."