கோட்டுக் கையில் ஒரு சொட்டு

ஆய்வகத்தில், எஃகுக் கலத்துக்குள் நீலச் சாயத் தண்ணீரைப் பம்பு முனகியபடி அழுத்துகிறது. கலத்தின் அடியில் ஆராய்ச்சி மாணவியான அவள் வார்த்த பாலிமர் சவ்வு, வெங்காயத் தோல் கனத்தில். சாயத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் அது விடவேண்டும். கீழே குழாய் நுனியில் ஒரு சொட்டு திரள்கிறது. ஜன்னல் அதற்குள் தலைகீழாகத் தெரிகிறது. தெளிவா, வெளிர்நீலமா, கண்ணுக்குப் பிடிபடவில்லை. அழைத்துப்போக வந்த கணவன் குனிகிறான். "அந்தச் சவ்வுல ஒரு ஓட்டைகூடத் தெரியலையே?" "தெரிஞ்சா அது சல்லடை. கொஞ்சம் பேசாம இருங்க." வெள்ளைக் கோட்டின் கையைச் சொட்டுக்குக் கீழே நீட்டுகிறாள். முழங்கைவரை நீலப் புள்ளிகள், தோற்றுப்போன சவ்வுகள் வைத்த பொட்டுகள். "துவைக்கிறவனுக்குத்தான் தெரியும்," என்று முணுமுணுக்கிறான். சொட்டு விழுகிறது. இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு புதுப் புள்ளியைத் தேடுகின்றன. துணி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.