பதினாலு வயசு

கிடங்கில் நாளெல்லாம் இயந்திரத்தின் அதட்டலுக்கு ஓடி முடித்ததும் சேவியர் நேராக இளமை இல்லத்துக்குப் போய்விடுவான். அங்கே தரும் தொப்பியை மாட்டிக்கொண்டால் அவன் மனசுக்கு வயது பதினாலு. வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை. சாயங்காலம் முழுக்க விளையாட்டுதான். மனைவி ஜெசிந்தா தடுக்கவில்லை. அங்கிருந்து திரும்பும்போதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. ஆனால் தொப்பியைக் கழற்றிய பிறகு தன் உண்மையான வயது நினைவுக்கு வருவதற்கு நாளுக்கு நாள் அதிக நேரம் பிடித்தது.

ஒருநாள் மகள் மெர்லின்மீது லாரி ஒன்று மோதிவிட்டது. அவளுடைய ரத்தம் எளிதில் கிடைக்காத வகை; தெரிந்தவர்களில் சேவியருக்கு மட்டுமே அதே ரத்தம். ஜெசிந்தா இல்லத்துக்கு ஓடிவந்து அவன் தொப்பியைப் பிடுங்கினாள்.

“ஏங்க, எந்திரிங்க. மெர்லினுக்கு ரத்தம் வேணும்.”

அவன் மிரண்டுபோய்ப் பார்த்தான். “எனக்குப் பதினாலு வயசுதான் ஆகுதுக்கா. ரத்தமெல்லாம் பெரியவங்கதானே குடுப்பாங்க?”

ஜெசிந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். ஊசி குத்துவார்களா என்று வழியெல்லாம் கேட்டு அழுதான். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறியபோது, “அம்மா” என்று அலறி அவள் தோளில் முகம் புதைத்தான்.

மெர்லின் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் கண் திறந்தவள், கட்டிலருகே நின்றவனைப் பார்த்து, “அப்பா” என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.