ஓனர் மட்டும்

மெஷின் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார் பேங்க் மேனேஜர். போன தடவை நின்ற அதே இடத்தில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

போன தடவை லோன் கொடுப்பதற்காகப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதற்காக. வெளியே லாரி நின்றது.

தெலுங்கு பேசும் இந்த ஊரில், மௌலா அலியில் இருக்கும் இந்த லேத் பட்டறைக்கு நான்தான் ஓனர். மெஷினின் சுவிட்ச் எங்கே என்று கேட்டால் முழிப்பேன்.

எல்லாம் என் வீட்டுக்காரர் கிருஷ்ணபிரசாத் செய்த ஏற்பாடு. பெண்கள் பேரில் லோன் வாங்கினால் சர்க்கார் ஜாமீன் கூடுதலாம். அடமானம் வேண்டாம், யார் காலிலும் விழுந்து கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

"டென்ஷன் நக்கோ கனகா, பயப்படாத. கவர்ன்மெண்டே நமக்கு ஜாமீன் நிக்குது. நீ கையெழுத்த மட்டும் போடு."

போட்டேன்.

அன்று படம் எடுக்கும்போது அவரும் பல்லெல்லாம் தெரிய என்னை ஒட்டி வந்து நின்றார். ஓனர் மட்டும் போதும் என்று பழைய மேனேஜர்தான் அவரை நகரச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும், ஓனரம்மா, ஒரு காபி கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

காண்டிராக்டர் ஒருவன் பில்லை இழுத்தடித்ததில் தவணை நின்றுபோனது.

இன்றுதான் இந்தப் புது மேனேஜர் விளக்கினார். அந்த ஜாமீன் பேங்குக்கு நஷ்டம் வராமல் இருக்கத்தானாம். எங்கள் கடன் எங்கள் தலையில்தான். மெஷினை விற்றும் போதவில்லை என்றால் கேஸ் போடுவார்கள். அல்வாலில் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த வீட்டுக்கும் வருவார்கள்.

அந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பட்டறையை நடத்தியது யார் என்று அவர் வாய் திறந்து சொன்னால் போதும். சொன்னாலும் சட்டத்தில் எதுவும் மாறாது, எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லட்டும் என்றிருந்தது.

மேனேஜர் போனை உயர்த்தினார். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றவரைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"நான் ஹெல்பர் சார். மேடம்தான் ஓனர்" என்றார் கிருஷ்ணபிரசாத், தெலுங்கில்.

சொல்லிவிட்டு, படத்தில் விழாதபடி தள்ளி நின்றுகொண்டார். இந்தத் தடவை யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.