முன்சீட்டு மொழிபெயர்ப்பு

புதிதாக வந்த ஹிந்தி காதல் படம். முன்சீட்டுக்காரர் ஒவ்வொரு வசனத்தையும் மனைவியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் கணவனோடு உட்கார்ந்திருந்த நர்ஸுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. அந்த மனிதர் விடுவதெல்லாம் சுத்த ரீல்.

"மழை வருது, சீக்கிரம் நட" என்றான் நாயகன், ஹிந்தியில்.

"நீ இல்லாத அன்னிக்கு வீடு வீடாவே இல்லன்னு சொல்றான்" என்றார் அவர்.

இடைவேளையில் அந்த அம்மாள் காபி வரிசையில் தனியாக நின்றாள். நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஹிந்தி சுத்தமாத் தெரியாது. சொல்றதெல்லாம் சொந்தச் சரக்கு."

"தெரியும்மா. நான் ஹிந்தி டீச்சர்."

"அது அவருக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னா மனுஷனுக்கு வாயே வராது. அடுத்தவன் சொன்ன மாதிரின்னா கொட்டும். அதுக்குன்னே தனக்குப் புரியாத படமாப் பார்த்து டிக்கெட் எடுப்பாரு."

மறுபடி விளக்குகள் அணைந்தன. திரையில் நாயகன் வாயைத் திறந்தான். நர்ஸ் கணவனின் தோளில் சாய்ந்தாள்.

"என்னங்க சொல்றான்?"

"உனக்குத்தான் ஹிந்தி தெரியுமே."

"தெரியாதுன்னு வச்சுக்கங்களேன்."